இறுவட்டா, தரவிறக்கமா?

சென்ற காலபோக அறுவடை முடிந்திருந்த நாள்களில், ரொறன்ரோவில் வாழும் எமது பழைய மாணவர் ஒருவரிடமிருந்து எனக்கொரு செய்தி வந்தது. "ஐயா, யூபிலியை முன்னிட்டுக் கணினிக் கழகத்துப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு வாங்கித் தரலாமென்று நினைக்கிறேன். தாங்களே மாற்றியமைக்கக்கூடிய விளையாட்டுத்தான் வேண்டுமென்று அவர்கள் கேட்கிறார்கள். இறுவட்டாக வாங்கி அஞ்சலில் அனுப்பட்டுமா, தரவிறக்கமாக வாங்கட்டுமா? தாங்கள் ஒரு முடிவு சொல்லுங்கள்" என்பதே அச்செய்தி.

ஆசிரியர் அறையில் இதனைக் கூறியபோது நண்பர் சிலர் நகைத்தனர். "தமிழ் வாத்தியாருக்கும் கணினி விளையாட்டுக்கும் என்ன உறவு?" என்றார் ஒருவர். அவர் கேட்டது நியாயமே. யான் பயிற்றப்பட்ட ஆசிரியன். கற்றதும் கற்பிப்பதும் தமிழ். கணினிக் கழகத்தின் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தமைக்குக் காரணம், அவ்வாண்டில் வேறெவரும் அதனை ஏற்க முன்வராமையே. ஆயினும் அப்பொறுப்பைச் சில ஆண்டுகள் தாங்கிய பின்னர், மேற்குறித்த வினா ஒரு தமிழாசிரியன் விடையிறுக்கத் தக்க வினாவே என்னும் எண்ணம் என்னுள் வேரூன்றிவிட்டது. அதற்குரிய நியாயங்களை இம்மலர் வாயிலாகப் பழைய மாணவர் முன்னும் இன்றைய மாணவர் முன்னும் வைக்க விழைகின்றேன்.

முதனூலும் வழிநூலும்

மாற்றியமைக்கக்கூடிய விளையாட்டு என்பது யாதென மூத்த அன்பர்களுக்கு முதற்கண் கூறுதல் வேண்டும். கிளித்தட்டு மறிப்போரும் சதுரங்கம் ஆடுவோரும் விதியை உள்ளவாறே ஏற்று ஆடுவர். கணினி விளையாட்டுகளிற் சில அத்தகையன அல்ல. ஆடுவோன் அவற்றினுட் புகுந்து புதிய நிலத்தையும், புதிய மாந்தரையும், புதிய கருவிகளையும், புதிய விதிகளையும் சேர்க்கலாம். அவ்வாறு சேர்க்கப்படும் பகுதியைப் பிள்ளைகள் 'மொட்' என்று வழங்குகின்றனர். எனக்கோ அதனை வழிநூல் என்று சொல்லவே விருப்பம்.

தொல்காப்பியம் நூலை முதனூல், வழிநூல் என வகுத்தது. வழிநூல் தொகுத்தலாலும், விரித்தலாலும், அவ்விரண்டனையும் ஒருங்கு செய்தலாலும், மொழிபெயர்த்தலாலும் பிறக்கும் என்றும் உரைத்தது. பின்னெழுந்த நன்னூல் சார்புநூல் என மூன்றாவதொன்றையும் சேர்த்தெண்ணியது. மூலத்தின் பொருளைக் கெடாது காத்து அதன்மேற் புதுமை செய்வது வழிநூலாசிரியனின் உரிமை என்பது நம் இலக்கணிகள் கண்ட நெறி. பிள்ளைகள் செய்யும் மொட்களிலும் இந்நான்கு வகைகளும் உள. நீண்டதைச் சுருக்குவார் உளர்; சிறு நிலத்தை விரிப்பார் உளர்; ஆங்கிலத்தில் உள்ளதைத் தம் மொழியிற் பெயர்ப்பாரும் உளர். வால்வு என்னும் அமெரிக்க நிறுவனம் 1998இல் வெளியிட்ட ஹாஃப் லைஃப் என்பது ஒரு முதனூல். அதன்மேல் இளைஞர் இருவர் 1999இல் ஆக்கிய வழிநூலே கவுண்டர் ஸ்ட்ரைக். மறுவருடம் அந்நிறுவனமே அதனைத் தன் வெளியீடாக்கிற்று. முதனூலினும் வழிநூல் பெரும்புகழ் பெறுவது தமிழுக்குப் புதிதன்று. கம்பன் பெயரைச் சொன்னாற் போதும்.

எமது பிள்ளைகள் கேட்டது பார்மிங் சிமுலேற்றர் 25 என்னும் வேளாண்மை விளையாட்டு. சுவிற்சலாந்து நாட்டின் ஜயன்ற்ஸ் சொப்ட்வெயர் நிறுவனம் அதனை 2024 நவம்பர் 12ஆம் நாள் வெளியிட்டது. நீர் தேக்கிய பாத்தியில் விளையும் நெல்லும், எருமையும், ஆசிய நிலத்தோற்றம் ஒன்றும் அதில் இடம்பெற்றுள்ளன. நமது கட்டுக்கரைக் குளத்தை ஆங்கிலேயர் 'ஜயன்ற்ஸ் ராங்க்' என வழங்கினர் அல்லவா? குளத்தின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் ஒத்திருத்தல் கண்டு பிள்ளைகள் கைகொட்டி மகிழ்ந்தனர்.

அவர்கள் நோக்கம் அம்மகிழ்ச்சியினும் பெரிது. கழகத்து மாணவன் ஒருவனின் தாத்தா கட்டுக்கரையின் கீழ் வயல் செய்தவர். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து, ஆண்டுகள் பல கழிந்து அவர் மீண்டபோது, வரம்புகள் பற்றைக்காட்டுள் மறைந்திருந்தன. எந்த வாய்க்கால் எங்கே பிரிந்தது, எந்த மருதின் கீழ்ச் சூடு வைத்தனர், எவ்வழியே மாடுகள் நீருக்கு இறங்கின என்பனவெல்லாம் இன்று அம்முதியவரின் நினைவில் மட்டுமே உள. அவர் சொல்லச் சொல்ல அவ்வயலை விளையாட்டினுள்ளே அமைத்து, வரம்பு, வாய்க்கால், அருவிவெட்டு, சூடடிப்பு என்னும் நம்மூர்ச் சொற்களையே அதில் எழுதி, அவர் கண் மங்குமுன் அவருக்குக் காட்டவேண்டும் என்பது பேரனின் ஆசை. இத்தகைய ஒன்றை எந்தப் பாத்திரத்தில் இட்டு வைப்பது என்பதே நம்முன் உள்ள வினா.

இறங்குதுறை மறைந்த கதை

இவ்வினாவை யான் இலேசாக எண்ணாமைக்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளின் முன், வேறொரு விளையாட்டில், எமது மாணவர் இருவர் பழைய தலைமன்னார் இறங்குதுறையை அமைக்கத் தொடங்கினர். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்குமுன்னர், அவ்வூருக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடிற்று. கொழும்பிலிருந்து புகைவண்டியில் வந்தோர் துறையில் இறங்கிக் கப்பலேறி, அக்கரையில் மீண்டும் புகைவண்டி ஏறினர். பிள்ளைகள் முதியோரை வினவியும், பழைய படங்களைத் தேடியும், எட்டு மாதங்கள் உழைத்தனர். மரத்தூண்களும், சுமை தூக்குவோரும், துறைமேல் நின்ற புகைவண்டியும் ஒவ்வொன்றாகத் திரையில் எழுந்தன.

அவ்விளையாட்டு, மாணவன் ஒருவனின் மைத்துனர் வெளிநாட்டிலிருந்து தம் பெயரில் தரவிறக்கமாக வாங்கியது. ஒருநாட் காலை கணினியைத் திறந்தபோது, விற்பனை நிறுவனம் அனுப்பிய புதிய பதிப்பு இரவோடிரவாகத் தானே இறங்கியிருந்தது. பிள்ளைகள் செய்த துறை திறக்க மறுத்தது. பழைய பதிப்புக்கு மீள வழி தேடுமுன்னரே மைத்துனரின் கணக்கு ஏதோ காரணத்தால் மூடப்பட்டது. பிள்ளைகள் ஆக்கிய கோப்புகள் எமது கணினியில் இன்றும் உள. அவற்றைத் திறந்து காட்டும் மூலந்தான் இல்லை. ஏடு இருந்தும் படிக்க விளக்கில்லா நிலை இது. எவரையும் பழிக்க இதனைக் கூறினேனல்லேன். என்ன பெறுகின்றோம் என்பதை ஆராயாது பெற்றது எம் பிழை. பொறுப்பாசிரியனாகிய என் பிழை.

இறுவட்டின் வழக்கு

அன்று தொட்டு, "இறுவட்டாயிருந்தால் இது நேர்ந்திராது" என்பது பிள்ளைகளின் துணிபு. இறுவட்டின் பக்கம் நியாயங்கள் பல உள என்பதை யானும் மறுக்கிலேன்.

முதலாவது, நம் ஊரின் நிலை. இக்காலப் பெரு விளையாட்டுகள் பல பத்துக் கிகாபைற்று அளவின. 40 கிகாபைற்று அளவான ஒன்றை, வினாடிக்கு 4 மெகாபிற்று வேகமுள்ள இணைப்பில் இறக்கினால், இடையறாது ஓடினும் 22 மணித்தியாலத்துக்கு மேற் செல்லும். கைப்பேசிக் கோபுரத்தின் தயவில் வாழும் கிராமத்துப் பிள்ளைக்கு அத்தனை டேட்டாவுக்குப் பணமேது? 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேலும் மின் தடைப்பட்ட நாள்களை நாம் மறந்துவிடவில்லை. இறுவட்டோ அஞ்சலில் வந்து கையிற் சேரும். இரண்டாவது, அதனை இரவல் கொடுக்கலாம், விற்கலாம், தம்பிக்கு விட்டுச் செல்லலாம். மூன்றாவது, அதில் எழுதப்பட்டது எழுதப்பட்டதே. எவரும் இரவில் வந்து அதனை மாற்றார்.

இவையாவும் ஒருகாலத்தில் முழு உண்மையாயிருந்தன. 2002இல் வெளிவந்த மொரோவிண்ட் என்னும் விளையாட்டைக் கணினிக்கு வாங்கியோர், விளையாட்டை மட்டுமன்றி, அதனை மாற்றியமைக்கும் கருவியையும் அதனுடன் இறுவட்டிலேயே பெற்றனர். முதனூலோடு எழுத்தாணியையும் சேர்த்துக் கொடுத்தது போன்றது அது.

ஆனால் காலம் மாறிற்று. 2004இல் ஹாஃப் லைஃப் 2 வெளிவந்தபோது, இறுவட்டாக வாங்கியோரும் ஸ்டீம் என்னும் இணையக் கடையிற் கணக்குத் திறந்து அனுமதி பெற்ற பின்னரே ஆட முடிந்தது. இறுவட்டு அன்றே பொருளாயிருந்த நிலை நீங்கி, பொருளைச் சுமக்கும் வண்டியாகத் தொடங்கிற்று. இன்னொரு சான்று இதனினும் கொடிது. யூபிசொப்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட த குரூ என்னும் காரோட்ட விளையாட்டு, நிறுவனத்தின் வழங்கிக் கணினிகளோடு இணைந்தாலன்றி இயங்காதது. 2024 மார்ச்சு 31ஆம் நாள் அவ்வழங்கிகள் நிறுத்தப்பட்டன. தரவிறக்கமாக வாங்கியோர்க்கும் இறுவட்டாக வாங்கியோர்க்கும் ஒரே கதிதான். இறுவட்டு அலுமாரியில் இருந்தது, விளையாட்டு இறந்தது. அதன்பின் ஐரோப்பாவில் இத்தகைய நிறுத்தங்களுக்கு எதிராக எழுந்த இயக்கத்தின் கோரிக்கையிற் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர்.

எமது அனுபவமும் ஒன்று உண்டு. ஒருமுறை அன்பர் ஒருவர் அழகிய பெட்டியொன்றை அனுப்பினார். பிள்ளைகள் ஆவலோடு திறந்தனர். உள்ளே இறுவட்டு இல்லை. இணையத்தில் இறக்கிக்கொள்க என்று சாவி எழுதிய சிறு தாளே இருந்தது. நெல் வாங்கப் போனவன் சிட்டை மட்டும் பெற்று வந்த கதை! இதற்குக் காரணமும் உண்டு. சீடி 700 மெகாபைற்று கொள்ளும். ஓரடுக்கு டீவீடி 4.7 கிகாபைற்று கொள்ளும். நாற்பது கிகாபைற்றை அவற்றில் அடைக்க முயல்வது கட்டுக்கரை நீரைக் குடத்தில் அள்ள முயல்வது போலாம். மேலும், இன்றைய மடிக்கணினிகளிற் பெரும்பாலானவற்றில் இறுவட்டு இடும் வாயே இல்லை. உள்ளவையும் நம் தீவின் உப்புக்காற்றில் எத்தனை காலம் பழுதின்றி நிற்கும் என்பதைக் கணினி அறையைக் காப்போர் அறிவர்.

பிளேஸ்டேசன் முதலிய விளையாட்டுப் பொறிகளில் இறுவட்டு இன்னும் உயிரோடிருக்கின்றது. அதனை உள்ளே இட்டால் விளையாட்டு இயங்கும். எடுத்து நண்பனுக்குக் கொடுத்தால் அவனுக்கு இயங்கும். ஆயினும் மாற்றியமைக்க விழைவோன் ஒன்றை அறிதல் வேண்டும். மேற்குறித்த வேளாண்மை விளையாட்டை அப்பொறியில் ஆடுவோர், நிறுவனம் ஆய்ந்து ஏற்றுத் தன் தளத்தில் வைத்த மொட்களை மட்டுமே பெறலாம். புதிய நிரற்கட்டளை எழுதிய மொட்களுக்கு அங்கே இடமில்லை. கணினியில் ஆடுவோனோ தான் செய்ததைத் தன் கோப்புறையில் இட்டு அக்கணமே ஆடிப் பார்க்கலாம். ஆக, பொறிக்குரிய இறுவட்டு வாசகனுக்கு ஏற்றது, நூலாசிரியனுக்கு ஏற்றதன்று.

தரவிறக்கத்தின் வழக்கு

தரவிறக்கத்தின் பக்கமும் நியாயம் உண்டு. கீறு விழுவதில்லை, தொலைவதில்லை. கணினி பழுதுற்றால் மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். பிழை திருத்தங்கள் உடனே வந்து சேரும். உலகில் மொட் செய்வோர் பெரும்பாலும் புதிய பதிப்பையே கருதிச் செய்கின்றனராதலின், பழைய இறுவட்டுப் பதிப்பில் அவை பொருந்தாமலும் போகலாம்.

ஆனால் அத்திருத்தமே வினையாவதும் உண்டு. ஃபோல்அவுட் 4 என்னும் விளையாட்டு 2015இல் வெளிவந்தது. அதன்மேல் ஃபோல்அவுட் லண்டன் என்னும் மாபெரும் வழிநூலைத் தன்னார்வலர் குழுவொன்று பல ஆண்டுகள் உழைத்து ஆக்கிற்று. 2024 ஏப்பிரலில் அதனை வெளியிட அவர்கள் நாள் குறித்திருந்தனர். அதே மாதம் 25ஆம் நாள் மூலநூலுக்குப் புதிய பதிப்பு வரவிருப்பதாக நிறுவனம் அறிவித்தது. வழிநூல் வெளியீடு தள்ளிப்போயிற்று. யூலை 25ஆம் நாள் அது வெளிவந்தபோதும், மூலத்தை முந்திய பதிப்புக்கு மீட்டுக்கொண்டே அதனை ஆடவேண்டியிருந்தது. எட்டு மாத உழைப்பு இரவோடிரவாக முடங்கியதைக் கண்ட எமது பிள்ளைகளுக்கு அக்குழுவினரின் துயர் நன்கு விளங்கும்.

உரிமை பற்றிய வினாவும் இதனோடு சேர்ந்தது. இணையக் கடையில் 'வாங்கு' என்னும் பொத்தானை அழுத்தும்போது நாம் பெறுவது பெரும்பாலும் பொருளன்று. பயன்படுத்தும் அனுமதி மட்டுமே. அவ்வனுமதி கணக்குக்கு உரியவரோடு முடிவது. பிறருக்கு மாற்ற முடியாதது. ஸ்டீம் கடை 2024 ஒக்டோபரில் இதனைத் தன் விற்பனைப் பக்கத்திலேயே வெளிப்படையாக எழுதி வைத்தது. கலிபோர்னியா மாநிலத்தில் 2025 சனவரி 1 முதல், அனுமதியை மட்டும் விற்போர் அவ்வுண்மையைத் தெளிவாகச் சொல்லாது 'வாங்கு' என்னும் சொல்லை வழங்கலாகாதெனச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. நிரந்தரமாக இறக்கி வைத்து, இணையமின்றியும் பயன்படுத்தக்கூடிய பொருளை விற்போருக்கு அக்கட்டுப்பாடு இல்லை. இவ்விலக்கை ஊன்றி நோக்குதல் வேண்டும். நம் வினாவுக்குரிய விடை அதனுள்ளே கிடக்கின்றது.

மூன்று வினாக்கள்

இறுவட்டா, தரவிறக்கமா என்று கேட்பது, ஓலையா, கடதாசியா என்று கேட்பது போன்றது. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபோது, ஓலையினும் கடதாசி உயர்ந்ததென நாட்டுவதற்காக அதனைச் செய்யவில்லை. நூல் அழியாது நிற்கவேண்டும் என்பதற்காகவே செய்தார். ஓலையாயினும் கடதாசியாயினும், கையில் உள்ளவன் படியெடுக்கலாம்; உரை எழுதலாம்; மாணாக்கனுக்குக் கொடுக்கலாம். அவ்வுரிமைகளாலேயே தமிழ் நூல்கள் பிழைத்தன. ஆகவே எவ்வடிவில் வரினும் மூன்று வினாக்களைக் கேட்க வேண்டுமென்பேன்.

முதல் வினா: இணையம் அறுந்த நாளிலும், விற்றவன் கடையை மூடிய நாளிலும் இது இயங்குமா? இரண்டாம் வினா: நம்மைக் கேளாது இது மாறுமா? மூன்றாம் வினா: உள்ளே கைவைக்க நமக்கு இடந்தருமா?

இவ்வினாக்களால் அளந்து பார்ப்போம். பொறிக்குரிய இறுவட்டு முதலாவதில் ஓரளவு தேறும்; மூன்றாவதில் தவறும். சாவித் தாள் மட்டும் உள்ள பெட்டி முதலாவதிலேயே தவறும். கணக்கோடு கட்டுண்ட தரவிறக்கம் மூன்றாவதிற் பெரும்பாலும் தேறும், இரண்டாவதில் தவறும். மூன்றிலும் தேறுவது யாது? நிறுவற் கோப்பு முழுவதையும் இறக்கி, நமது வன்தட்டில் வைத்து, பின்னர் இணையமின்றியே நிறுவிக்கொள்ள விடும் தரவிறக்கம். போலந்து நாட்டில் 2008இல் தொடங்கிய ஜீ.ஓ.ஜீ. என்னும் கடை விளையாட்டுகளை இம்முறையில் விற்கின்றது. அங்ஙனம் இறக்கிய கோப்பை நாமே வன்தட்டிற் பதிந்துகொண்டால், அதுவே நாம் செய்துகொண்ட இறுவட்டாம். இறுவட்டின் உறுதியும் தரவிறக்கத்தின் எளிமையும் அதில் ஒருங்கு சேர்கின்றன.

ஒரு நிறுவனம் மனம் வைத்தால் எத்துணை செய்யலாம் என்பதற்கு டூம் என்னும் விளையாட்டே சான்று. 1993இல் அதனை வெளியிட்டோர், இயக்கும் பகுதியையும் நிலம், படம், ஒலி ஆகியவற்றையும் வெவ்வேறு கோப்புகளில் வைத்தனர். ஆடுவோர் மூலத்தைச் சிதைக்காமலே தம் நிலங்களை அமைத்தனர். 1997இல் நிரலின் மூலத்தையும் வெளியிட்டனர். முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் அதற்குப் புதிய நிலங்கள் எழுந்துகொண்டிருக்கின்றன. வழிநூலுக்கு இடந்தந்த முதனூலே நெடுங்காலம் வாழ்கின்றது.

எனது விடை

ரொறன்ரோ அன்பருக்கு யான் எழுதிய விடை இதுவே. இறுவட்டும் வேண்டா, தங்கள் பெயரில் தரவிறக்கமும் வேண்டா. விளையாட்டுப் பொறி வாங்க எண்ணிய பணத்தைக் கணினி அறைக்கு ஒரு நல்ல கணினியாகத் தாருங்கள். பிள்ளைகள் கேட்ட வேளாண்மை விளையாட்டைத் தயாரித்த நிறுவனமே நேரில் தரவிறக்கமாக விற்கின்றது. அதனைக் கல்லூரிக் கழகத்தின் பெயரில் வாங்குங்கள். சாவி கல்லூரிப் பதிவேட்டில் இருக்கட்டும். நிலம் அமைக்கும் கருவியை அந்நிறுவனம் இலவசமாகவே வழங்குகின்றது. முதன்முறை இயக்குதற்கு இணையம் வேண்டுமாதலின், அவ்விளையாட்டு எனது முதல் வினாவில் முழுமையாகத் தேறாது என்பதை யான் மறைக்கவில்லை. நெல்லும் எருமையும் வேண்டியிருத்தலால் இக்குறையைப் பொறுத்துக்கொள்கின்றோம். ஆதலின் இரண்டாவதாக ஒன்றும் கேட்டேன்: நிறுவற் கோப்புகளையும் பிள்ளைகளின் ஆக்கங்களையும் சேமிக்க இரண்டு வன்தட்டுகள். ஒன்று கணினி அறையில் இருக்கும். மற்றையது அலுவலக இரும்பு அலுமாரியில் இருக்கும்.

மாணவருக்கு யான் கூறுவதும் உண்டு. ஓலை எழுதி முடித்தோர், இன்ன ஆண்டில், இன்ன மாதத்தில், இன்னார் எழுதி முடித்தது என்று இறுதியிற் குறித்து வைத்தனர். நீங்களும் உங்கள் மொட்டின் முகப்பில், எந்தப் பதிப்பின்மேற் செய்தது, எந்நாளிற் செய்தது, யார் யார் செய்தது என்று எழுதி வையுங்கள். தாத்தா சொன்னவற்றை விளையாட்டினுள் மட்டும் வையாது, கொப்பியிலும் எழுதுங்கள். வயலின் படத்தைத் தாளிலும் வரையுங்கள். நாளை அவ்விளையாட்டு இறந்தாலும், அவ்வயல் இன்னொன்றில் எழ அது வித்தாகும்.

இருவகை மறுப்புகள் எழும் என்பதை அறிவேன். "விளையாட்டுப் படிப்பைக் கெடுக்கும்" என்பது ஒன்று. இரவு முழுதும் ஆடும் பிள்ளைக்கு அது கெடுதிதான், ஐயமில்லை. ஆனால் ஆடுவதும் ஆக்குவதும் வேறு. தாத்தாவிடம் சென்று வாய்க்காலின் பெயரைக் கேட்டு வந்து, அதன் அகலத்தை அளந்து, திரையில் அமைத்து, தமிழிற் பெயரெழுதும் பிள்ளை புவியியலும், கணிதமும், ஊர் வரலாறும், தமிழும் ஒருங்கே கற்கின்றது. யான் ஒரு தவணையில் ஊட்ட முயன்றும் ஊட்ட முடியாத சொற்களை அம்மாணவன் ஒரு கிழமையிற் கேட்டு வந்தான்.

மற்றொன்று, "கடையிற் சிறு விலைக்கு விற்கும் படியெடுத்த இறுவட்டு இருக்க, இத்தனை பாடு எதற்கு?" என்பது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளுக்கும் காப்பளிக்கின்றது. சட்டத்தை விடுத்து நோக்கினும், பிறன் உழைப்பைக் களவாடி அதன்மேல் நம் தாத்தாவின் வயலை அமைத்தல் முறையாகுமா? வழிநூல் செய்வோன் முதனூலாசிரியனை வணங்கித் தொடங்குவதே மரபு.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, ஒரே படியாயிருந்த ஏடுகள் அதனோடு போயின. அந்நெருப்பின் வடுவை அறிந்த தலைமுறையின் பின் வந்தோர், 2005இல் நூலகம் என்னும் இணையத்தளத்தைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எவரும் இறக்கிக்கொள்ள வைத்தனர். அதுவும் தரவிறக்கமே. ஆனால் இறக்கியது நம் கையில் நிற்கின்றது. பேசாலையிலும் பாரிசிலும் ஒரே நூல் இருக்கின்றது. எவரும் ஒரே இரவில் அனைத்தையும் அழிக்க முடியாது. தரவிறக்கம் என்னும் சொல்லுக்கு அஞ்சவேண்டுவதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

பழைய மாணவர்காள், கல்லூரிக்கு நீங்கள் கொடுப்பது கட்டடமாயினும், நூலாயினும், விளையாட்டாயினும், அதன் சாவியையும் சேர்த்துக் கொடுங்கள். மாணவர்காள், எதனைப் பெற்றாலும், அது உங்கள் கையில் நிற்குமா, அதன்மேல் உங்கள் கை படலாமா என்று கேட்டுப் பெறுங்கள். தலைமன்னார் இறங்குதுறையை நாம் இருமுறை இழந்தோம். ஒருமுறை காலத்துக்கு, ஒருமுறை நமது கவலையீனத்துக்கு. கட்டுக்கரை வயலையாவது இழவாதிருப்போம். அது திரையில் விளையும் நாளில், அந்தத் தாத்தாவைக் கணினி அறைக்கு அழைத்து வந்து முதல் வரிசையில் இருத்துவோம்.